விடியற்காலைத் தியானமும் நள்ளிரவு மின்னஞ்சலும்

கேட்டவரின் நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 26. வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாற்பது நிமிடம் தியானம். இரவு பதினொன்றரை வரை அலுவலகச் செய்திகளுக்குப் பதில். வார விடுமுறையின் கடைசி இரவில் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. “பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்யப் பழகு” என்கிறார் மேலாளர். “இன்னும் நம்பிக்கையோடு பிரார்த்தனை செய்” என்கிறார்கள் வீட்டில். நிறுவனம் தன் பங்குக்குத் தியானச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டித் தந்திருக்கிறது. அவர் கேட்பவை மூன்று: என் பயிற்சியில்தான் குறையா? ஆன்மிகம் இதற்கெல்லாம் உண்மையில் உதவுமா? வேலையை விட்டுவிடலாமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். குறை உங்கள் பயிற்சியில் இல்லை. நீங்கள் எழுதியிருந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். பதினொன்றரைக்குக் கைப்பேசியைக் கீழே வைத்து, அதன் பிறகு கண் அயர்ந்து, ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதே தூக்க மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. மூன்று ஆண்டுகளாக இரண்டு மணி நேரத் தூக்கத்தை அன்றாடம் கடனாக வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் உடலிடம், தியானம் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உளவியல் ஆலோசகராக என் முன் வந்து உட்காரும் இளைஞர்களில் பலர் இதே கணக்கோடுதான் வருகிறார்கள். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்றால் வேலையிலிருந்து எடுக்க முடிவதில்லை, தூக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் ஒரே சொல்லாக ‘சோர்வு’ என்று எழுதியிருப்பதில் மூன்று வேறு நிலைகள் கலந்திருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் மேலே போக முடியாது. ஒன்று வெறும் களைப்பு. நன்றாகத் தூங்கி, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் அது போய்விடும். இரண்டாவது பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தில் நீண்ட காலமாகச் சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்திருக்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மீது ஒட்டாமையும் கசப்பும் வளர்வது, ‘என்னால் உருப்படியாக எதுவும் முடியவில்லை’ என்ற எண்ணம். ‘பணியிடத்தில்’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வேர் எங்கே இருக்கிறது என்பதை வரையறையே சுட்டிக்காட்டுகிறது. மூன்றாவது, மனச்சோர்வு நோய் அல்லது பதற்ற நோய். இவை வேலை நேரத்தோடு நின்றுவிடுவதில்லை. பிடித்த பாட்டிலும் நண்பர்களின் சிரிப்பிலும்கூட ருசி இல்லாமல் செய்துவிடும். இவற்றுக்குச் சிகிச்சை தேவை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பணிச்சோர்வு பற்றிய முதல் எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் ஊதியமின்றிப் பணியாற்றிய உளவியலர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974இல் இதைப் பற்றி எழுதினார். அவர் கண்டது சோம்பேறிகளை அல்ல. தன்னை மறந்து பிறருக்காக உழைத்தவர்கள், இலட்சியத்தோடு வந்தவர்கள், ‘இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம்’ என்று கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள்தான் எரிந்து அணைந்துகொண்டிருந்தார்கள். ஆன்மிக நாட்டமுள்ள இளைஞர்கள் ஏன் எளிதில் இதில் சிக்குகிறார்கள் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. பொறுத்துப்போவது நல்ல குணம் என்று நம்புபவர் மீதுதான் மேலும் மேலும் சுமை ஏறும். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்தில் வண்டியின் அச்சு முறியும்.

வேலையில் எது மனிதரை நோகடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே நல்ல தெளிவு வந்திருக்கிறது. ராபர்ட் கராசெக் 1979இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஆளை வாட்டுவதில்லை. வேலை அதிகமாக இருந்து, அதை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருப்பதுதான் வாட்டுகிறது. இளம் ஊழியர்களின் நிலை பெரும்பாலும் இதுதான். கெடுவை வேறு யாரோ வைக்கிறார்கள், வேலையை வேறு யாரோ பிரிக்கிறார்கள், ஷிப்ட் அட்டவணை வேறு யாருடைய கையிலோ இருக்கிறது. ‘முடியாது’ என்று சொல்லும் செல்வாக்கு இன்னும் வந்திருக்காது. பணிச்சோர்வை அளவிடும் வினாநிரலை 1981இல் உருவாக்கிய கிறிஸ்டினா மாஸ்லாக், பின்னாளில் மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து ஆறு இடங்களைச் சுட்டினார்: வேலைச் சுமை, கட்டுப்பாடு, கைம்மாறு, கூடியிருப்பவர்கள், நியாயம், விழுமியங்கள். மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தமின்மை இந்த ஆறில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நீங்கள் ஒரு தாளில் இந்த ஆறையும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். சுமைதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கடைசியில் நியாயமின்மைதான் உறுத்தலாக இருந்திருக்கிறது. எட்டு மணி நேர வேலையிலும் அந்த முள் ஆளை அரித்துவிடும்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வையுங்கள். மனநோய்களில் பெரும்பகுதி இளம் வயதில்தான் தலைகாட்டுகிறது. ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் மனநோய்க்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு 24 வயதுக்குள் அது தொடங்கியிருந்தது. முதல் வேலை, முதல் சம்பளம், வீட்டை விட்டு வெளியே தங்குவது, நண்பர் கூட்டம் கலைவது எல்லாம் இதே பருவத்தில்தான். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை’ என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எளிதில் காயப்படும் பருவத்தில் இருப்பவருக்கு, முடிவெடுக்கும் உரிமை மிகக் குறைந்த இருக்கையைக் கொடுத்துவிட்டு, பாக்கெட்டிலும் அலுவலகத்தை வைத்து அனுப்புகிறோம். இதில் தாங்கும் சக்தியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆன்மிகம் உதவுமா? உதவும். நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். ஆனால் எந்த வகையில், எந்த அளவு என்பதைச் சொல்லாமல் ‘உதவும்’ என்று மட்டும் சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

முதலில் தியானம். ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியதிலிருந்து, தியானம் மருத்துவ ஆய்வுக்குள் வந்துவிட்டது. 2014இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 47 சோதனைகளை, 3,515 பேரின் தரவுகளை அலசியது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து, பிற உளவியல் பயிற்சிகள் ஆகியவற்றைவிடத் தியானம் சிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தியானம் நல்லது. ஆனால் எல்லாவற்றையும் தீர்க்கும் அருமருந்து என்று அதைத் தலையில் தூக்கிவைத்தால், தீராதபோது பழி உங்கள் மீது விழும். இப்போது உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

அடுத்தது கூடி வழிபடுவது. தியானத்தைப் பற்றிப் பேசுமளவு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 90,000 பெண் செவிலியர்களை 1996 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016இல் வெளியானது. வாரம் ஒருமுறையாவது கூட்டு வழிபாட்டுக்குப் போனவர்களிடையே தற்கொலை விகிதம், ஒருபோதும் போகாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணத்தை முற்றாக நிறுவிவிடவில்லை. ஆனாலும் இத்துறையில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று உண்டு. தனியறையில் செய்யும் பயிற்சியைவிட, நாலு பேரோடு சேர்ந்திருப்பதன் பலன் வலுவாகத் தெரிகிறது. ஒரு வாரம் நீங்கள் வரவில்லை என்றால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஆள் இருக்கும் இடம் அது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாக அமர்ந்து செயலியின் குரலைக் கேட்பதில் அந்த ஆள் இல்லை. உங்கள் நாற்பது நிமிடமும் தனிமையில் கழிகிறது, அலுவலகமும் திரையில் கழிகிறது. நீங்கள் நம்பிக்கை உள்ளவர் என்றால் வாரத்தில் ஒருநாள் பஜனையோ ஜெபக் கூட்டமோ தொழுகையோ, உங்கள் மரபில் எது உண்டோ அதில் போய் உட்காருங்கள். நம்பிக்கை இல்லாதவர் என்றால் ஒரு வாசிப்புக் குழுவோ தொண்டுப் பணியோ அந்த இடத்தை நிரப்பும்.

மூன்றாவது, நிறுத்தம். ஏறக்குறைய எல்லாப் பழைய மரபுகளும் வேலைக்கு ஒரு வேலி போட்டிருக்கின்றன. யூத மரபில் வாரத்தின் ஏழாம் நாள் வேலையே கூடாது. அது அடுத்த ஆறு நாளுக்குத் தெம்பேற்றிக்கொள்ள வைத்த நாள் அன்று, அந்த நாளே புனிதம். இஸ்லாத்தில் ஐவேளைத் தொழுகை அன்றாட வேலையை ஐந்து இடத்தில் அறுக்கிறது. இன்றைய ஆய்வு இதையே வேறு மொழியில் சொல்கிறது. சபீனே சோனென்டாக்கும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007இல், வேலையிலிருந்து மீண்டெழ நான்கு அனுபவங்கள் தேவை என்றார்கள்: மனத்தளவில் வேலையை விட்டு விலகுவது, இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்வது, ஓய்வு நேரத்தின் மீது நமக்கே கட்டுப்பாடு இருப்பது. இதில் ஒரு கொடுமையும் உண்டு. யாருக்கு மீட்சி அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் மனம் வேலையை விட்டு விலகுவது மிகக் கடினமாக இருக்கிறது என்று சோனென்டாக் பின்னர் எழுதினார். ஆகவே வேலியை மன உறுதியிடம் விடாமல், கடிகாரத்திடமும் கைப்பேசியின் பொத்தானிடமும் ஒப்படைத்துவிடுவது நல்லது.

நான்காவது, பொருள். நான் ஏன் இதைச் செய்கிறேன் என்பதற்கு ஒரு விடை இருந்தால் கடினமான நாள்களைக் கடக்க முடியும். இதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கத்தியின் மறுமுனையும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் என்ற இருவர் விலங்குக் காட்சிசாலைப் பணியாளர்களை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். அந்த வேலையைத் தம் வாழ்வின் அழைப்பாகக் கருதியவர்களுக்கு அதில் ஆழ்ந்த நிறைவு இருந்தது. அவர்களே குறைந்த ஊதியத்தையும் வசதிக் குறைவையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் தம்மைச் சுரண்டுவதற்கும் அதனாலேயே இடம் கொடுத்தார்கள். ‘நீ இந்த வேலையை நேசிக்கிறாய் அல்லவா?’ என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், அடுத்து என்ன கேட்கப்படப்போகிறது என்று கவனியுங்கள்.

இப்போது உங்கள் மேலாளர் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் அந்தச் சொல், போர்க்களத்தில் மனம் உடைந்து நின்ற ஒருவனிடம் சொல்லப்பட்டது. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்பது அதன் கருத்து. உங்கள் மேலாளர் அதைச் சம்பளம் இல்லாத கூடுதல் நேரத்துக்கு விளக்கமாக மாற்றிவிட்டார். சரி, அவர் சொன்னபடியே அந்தச் சொல்லை நேர்மையாகக் கடைப்பிடிப்போம். பலன் என்றால் எது? அவருடைய பாராட்டு ஒரு பலன். ஆண்டு மதிப்பீட்டில் கிடைக்கும் புள்ளி ஒரு பலன். ‘எப்போது கூப்பிட்டாலும் கிடைப்பவர்’ என்ற பெயரும் ஒரு பலன். இரவு பதினொன்றரைக்கு உங்களைப் பதில் எழுத வைப்பவை இவைதான். இவற்றின் மீதான பற்றை விட்டுவிட்டால், எட்டு மணிக்குக் கைப்பேசியை அணைக்க உங்களைத் தடுக்கும் கயிறு பெரும்பாலும் அறுந்துவிடும். பற்றின்மை அதிகமானால் வேலை நேரம் கூடும் என்பது எந்தக் கணக்கிலும் வராது. அதே நூலின் ஆறாம் அத்தியாயம் மேலும் வெளிப்படையாகப் பேசுகிறது. மிதமிஞ்சி உண்பவனுக்கும் உண்ணாமலே கிடப்பவனுக்கும், மிதமிஞ்சி உறங்குபவனுக்கும் விழித்தே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது. உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் அளவோடு இருப்பவனுக்கே அது துன்பத்தைப் போக்கும் என்கிறது. மேலாளர்கள் இந்த இடத்தை மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

ஆன்மிகத்தை வைத்து ஒருவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவும் முடியும். உளவியலர் ஜான் வெல்வுட் 1980களில் இதற்கு ஒரு பெயரே வைத்தார். ஆன்மிகத்தைக் குறுக்குவழியாக்கி, தீர்க்காத மனக்காயங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடுவது என்று அதைத் தமிழில் சொல்லலாம். கோபம் வர வேண்டிய இடத்தில் ‘எல்லாம் மாயை’ என்பது, பேச வேண்டிய இடத்தில் மௌன விரதம் என்பது, உதவி கேட்க வேண்டிய இடத்தில் ‘கர்மவினை’ என்பது எல்லாம் இதில் அடங்கும். உங்கள் பயிற்சி எந்தப் பக்கம் போகிறது என்று அறிய நான் பயன்படுத்தும் கேள்வி எளியது. தியானம் முடிந்து எழும்போது உங்கள் நிலைமை உங்களுக்கு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறதா, அல்லது இன்னொரு நாளைத் தாங்குமளவுக்கு மரத்துப்போகிறதா? மரத்துப்போவதுதான் நடக்கிறது என்றால், பயிற்சி வலி நிவாரணியாக மாறிவிட்டது என்று பொருள். பல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் பல் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

நிறுவனம் தந்த செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை வைத்து வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 2024இல் எழுதிய கட்டுரையில், தியானப் பயிற்சி, மனவுறுதிப் பயிற்சி, நலச் செயலிகள் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் நலத்தில் வேறுபாடு தென்படவில்லை. விதிவிலக்காகத் தெரிந்தது தொண்டுப் பணி ஒன்றுதான். வேலைச் சுமையையும் நேரத்தையும் தொடாமல் ஊழியரின் மூச்சை மட்டும் சரிசெய்ய முயன்றால் இப்படித்தான் ஆகும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் பணியிடத்து அபாயங்களைச் சீர்செய்யும் நடவடிக்கைகளைப் பரிந்துரைக்கின்றன. நேரம் என்பது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிடும்போது, பக்கவாத அபாயம் 35 விழுக்காடும் இதயநோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று அந்த நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக அறிவித்தன. உங்கள் வாரக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து எழுதும் பதில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். மேலாளரிடம் ‘எனக்கு மன அழுத்தமாக இருக்கிறது’ என்று தொடங்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் பேச்சு உங்கள் மனத்தைப் பற்றியதாகிவிடும். நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். “இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை ஒன்பதரைக்குள் பதில் தந்துவிடுகிறேன். உடனே தேவை என்றால் அழைத்துவிடுங்கள்.” இவ்வளவே போதும். அழைப்பு என்பது செய்தி அனுப்புவதைவிடச் சற்றுக் கடினமான காரியம். ‘அவசரம்’ என்பவற்றில் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் வந்தால், “இந்த மூன்றில் எதை முதலில் முடிக்கட்டும், எதைத் தள்ளிவைக்கட்டும்?” என்று எழுத்தில் கேளுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போகும். நீங்கள் கேட்பது ஏதோ சலுகை என்று நினைத்துக் கூச வேண்டாம். பிரான்ஸ் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டத்திலேயே வைத்திருக்கின்றன. எல்லா மேலாளர்களும் இதை நல்ல முறையில் ஏற்பார்கள் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். ஏற்காவிட்டால், அந்த ஆறு இடங்களில் எது பழுது என்பது உங்களுக்குத் தெளிவாகிவிடும்.

விடுமுறையின் கடைசி இரவுக்கு எளிய வழி ஒன்று உண்டு. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், அடுத்த சில நாள்களில் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 18 முதல் 30 வயது வரையிலான 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் என்னிடம் வருபவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான், ஏனென்றால் செலவு ஒரு தாளும் பேனாவும் மட்டுமே. தாளில் எழுதுங்கள், கைப்பேசியில் வேண்டாம். கைப்பேசியைத் திறந்தால் அலுவலகமும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

வீட்டில் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நம்பிக்கை போதவில்லை’ என்று அவர்கள் சொல்வது அன்பால்தான். ஆனால் ‘கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார்’ என்ற எண்ணம் ஒருவருக்குள் புகுந்துவிட்டால் துன்பம் கூடுகிறது என்பதை உளவியலர் கென்னத் பார்கமெண்டின் நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறுதலாகவும் துணையாகவும் நினைக்கும் கடவுள் மனத்தைத் தாங்குகிறார். கணக்கெழுதும் கண்காணிப்பாளராக நினைக்கும் கடவுள் இன்னொரு மேலாளராகிவிடுகிறார். வீட்டாரிடம் “எனக்காக நீங்களும் பிரார்த்தனை செய்யுங்கள், நான் மருத்துவரையும் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே எந்தப் பகையும் இல்லை என்பது அவர்களுக்கும் மெல்லப் புரியும்.

மருத்துவரை எப்போது பார்ப்பது? இரண்டு வாரங்களாக, பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருந்தாலோ எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, அதோடு தூக்கம், பசி, கவனம் குலைந்து, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் சேர்ந்துகொண்டாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரையோ உளவியல் சிகிச்சையாளரையோ பாருங்கள். படபடப்பு அடிக்கடி வருவதால் தைராய்டு, இதயம் ஆகியவற்றை ஒரு பொது மருத்துவர் சோதிப்பதும் நல்லது. இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள், அன்றிரவு தனியாக இருக்காதீர்கள். அந்த நேரத்தில் தியானத்தில் உட்கார்ந்து அதைக் கடந்துவிட முயல வேண்டாம். கண்ணை மூடியதும் பயம் பெருகுகிறது, பழைய கொடுமைகள் கண்முன் வருகின்றன, உடல் தன்னுடையதே இல்லை என்பது போல் தோன்றுகிறது என்றால் பயிற்சியை நிறுத்துங்கள். தியானத்தால் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்று 2017இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று பதிவுசெய்திருக்கிறது. அது உங்கள் பாவத்தின் அடையாளமும் அல்ல, ஞானத்தின் வாசற்படியும் அல்ல. மருந்து எழுதித் தந்தால் ‘தியானம் செய்பவனுக்கு மாத்திரை எதற்கு’ என்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு மீண்டும் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கேள்வி, வேலையை விடுவது. எகிப்தின் பாலைவனத்தில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், நண்பகலில் துறவிகளைப் பிடிக்கும் ஒரு சலிப்பை விவரித்திருக்கிறார். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. துறவி சன்னலையே பார்க்கிறார். இருக்கும் இடம் பிடிக்கவில்லை, செய்யும் கைவேலை பிடிக்கவில்லை. வேறோர் இடம் போனால் எல்லாம் எளிதாகிவிடும் என்று தோன்றுகிறது. பதினாறு நூற்றாண்டு கழித்தும் பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் பலருக்கு இது தன் கதையாகவே படும். இந்தச் சலிப்பிலிருந்து எழும் ‘போய்விடலாம்’ என்ற குரலை உடனே நம்ப வேண்டியதில்லை. அதே பாலைவனத் துறவிகளைப் பற்றிய கதை ஒன்றில், சோர்ந்து கிடந்த அந்தோணி என்ற துறவி ஒரு காட்சியைக் காண்கிறார். ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், எழுந்து பிரார்த்தனை செய்கிறார், மீண்டும் அமர்ந்து திரிக்கிறார். இப்படிச் செய், மீள்வாய் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. எனக்கு மிகப் பிடித்த கதை இது. வேலையைக் கைவிடச் சொல்லவில்லை, பிரார்த்தனையை இன்னும் நீட்டச் சொல்லவும் இல்லை. வேலையை அறுத்து அறுத்து நடுவே இடம் விடச் சொல்கிறது.

ஆனால் இடம் விடவே அனுமதிக்காத இடமும் உண்டு. அவமதிப்பு, மிரட்டல், பாலியல் தொல்லை, பொய்க் கணக்கு எழுதச் சொல்வது, நேரம் பற்றிப் பேசியதற்காகப் பழிவாங்குவது இவை இருந்தால் பொறுமையைப் பயிற்சி செய்யாதீர்கள். நடந்தவற்றைத் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு வெளியேறும் வழியைத் தேடுங்கள். அந்த அளவுக்கு இல்லை என்றால், ஐந்து மணி நேரத் தூக்கத்தில் இவ்வளவு பெரிய முடிவை எடுக்க வேண்டாம். முதலில் இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்குங்கள், முடிந்தால் விடுப்பு எடுங்கள், மேலாளரிடம் அந்தப் பேச்சைப் பேசிப் பாருங்கள். அதன் பிறகு ஆறு வரிகள் எழுதிய அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள்.

கடைசியாக அந்த நாற்பது நிமிடம். தொடர்ச்சியாக எத்தனை நாள் தியானம் செய்தீர்கள் என்று செயலி காட்டும் எண்ணிக்கையை நீங்கள் பெருமையோடு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கவலைதான் வந்தது. அலுவலகத்தின் இலக்குக் கணக்கு உங்கள் பூஜை அறைக்குள்ளும் வந்துவிட்டது. கால்களில் இரத்தம் வரும்வரை நடந்து நடந்து பயிற்சி செய்த சோணன் என்ற சீடனிடம் புத்தர், வீணையின் நரம்பு மிக இறுக்கமாக இருந்தால் இசை வருமா என்று கேட்டதாகப் பழைய பௌத்த நூல்கள் சொல்கின்றன. சோணனின் தவறு சோம்பல் அன்று, முறுக்கம். எண்ணிக்கை காட்டும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஆறரைக்கு எழுந்திருங்கள். தியானம் பதினைந்து நிமிடம் போதும். ஒருநாள் தூங்கிவிட்டால் அதையும் குறையாக எண்ணாதீர்கள். இரவு எட்டு மணிக்கு அலுவலகச் செய்திகளை நிறுத்தி, பத்தரைக்குத் தாளில் எழுதிவிட்டுப் படுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தின் முடிவில் விடுமுறையின் கடைசி இரவு எப்படிப் போகிறது என்று பாருங்கள். அப்போதும் அதே படபடப்பு இருந்தால் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். அலுவலகத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.